முகத்துணியை விலக்கிய காவலர்

அந்தப் பையனின் சட்டையில் பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கோணலாகத் தொங்கியது சட்டை. இரண்டு கைகளையும் சேர்த்து விலங்கு மாட்டியிருந்ததால் அவனால் அதைச் சரிசெய்துகொள்ள முடியவில்லை. தலையிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரு கருப்புத் துணியைப் போட்டு முகத்தை மூடியிருந்தார்கள். கண்ணுக்கு மட்டும் சின்னதாக ஒரு திறப்பு.

வேனிலிருந்து அவனை இறக்கிய காவலர், கோர்ட்டு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அதில் ஒரு பெண் மட்டும் அவனுடைய கட்டம்போட்ட சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி, பையனை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் துளையில் மாட்டிவிட்டார். காலரை இரண்டு விரலால் நீவிவிட்டார். அதற்குப் பிறகுதான், "நட தம்பி" என்றார்.

அவள் பார்த்தது அவருடைய முதுகையும் அசைகிற முழங்கைகளையும்தான். ஆனாலும் அவர் விலகியபோது மகனின் சட்டை நேராக இருந்ததை அவள் கவனித்துவிட்டாள். ஆண்டவன் இந்த இடத்திலும் ஒரு ஆளை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் ஒரு பேக்கரியில் ரொட்டியைத் தாளில் சுற்றிப் பொதிகிறவள். கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். மகன் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்து, சைக்கிளில் வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று கேட்டதில் முதலாளிக்கும் அவனுக்கும் வாய்த் தகராறு. கோபத்தோடு வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்தவன் மறுநாள்தான் எழுந்தான். சண்டை நடந்த அன்றே சாயங்காலம் கடையை அடைக்கிற நேரத்தில் எவனோ பின்வாசல் வழியாக உள்ளே புகுந்து, கணக்கரைப் பின்மண்டையில் அடித்துப்போட்டுவிட்டுக் கல்லாப்பெட்டியோடு ஓடிவிட்டான். கணக்கர் உயிர் தப்பினார். அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. "காலையில சண்டை போட்டவன் அவன்தான்" என்றார் முதலாளி. அவ்வளவுதான். போலீஸ் ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"என் பிள்ளை காய்ச்சலோட என் பக்கத்துலதான் படுத்துக் கிடந்தான்" என்று அவள் சொல்லாத ஆள் இல்லை.

"நீங்க சொல்றது உண்மைதாம்மா" என்றாள் அவளுக்குக் கிடைத்த வக்கீல். சின்னப் பெண், பேச்சில் மட்டும் பெரிய மனுஷி. "ஆனா பெத்தவ வேற எப்படிச் சொல்லுவான்னு திருப்பிக் கேப்பாங்க. நமக்கு இருக்கிறது ஒரே வழி. ஓடினவன் சந்துல ஒருத்தர்மேல மோதி விழுந்திருக்கான். தெருவிளக்கு வெளிச்சத்துல அவன் முகத்தைப் பார்த்தவரு அவர் ஒருத்தர்தான். அடையாள அணிவகுப்பு வைப்பாங்க. உங்க மகனை மாதிரியே உசரம், நிறம் உள்ள ஆளுங்களோட அவனையும் கலந்து வரிசையா நிக்க வைப்பாங்க. அந்தச் சாட்சி வந்து, 'இதுல அவன் இல்ல'ன்னு சொல்லிட்டா கேஸ் அன்னிக்கே பாதி செத்துடும்."

"கையைக் காட்டிட்டா?"

வக்கீல் கோப்பைக் கட்டினாள்.

அந்த அணிவகுப்பு முடிகிறவரைக்கும் அவன் முகத்தை வெளியார் யாரும் பார்க்கக் கூடாது. சிறையில் போய்ப் பார்க்கவும் அனுமதி இல்லை. கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போதும் துணி. வக்கீல் இதை எவ்வளவு சொல்லியும் தாயின் மனசில் ஏறவில்லை. அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: முகத்தில் அடித்திருக்கிறார்கள். அதை மறைக்கத்தான் துணி. ரொட்டியைப் பொதியும்போதும் அதே நினைப்பு. பல் போயிருக்குமோ, கண் போயிருக்குமோ. கை பாட்டுக்கு ரொட்டியை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போகும். பேக்கரி மேஸ்திரி, "அம்மா, நீங்க பொதியிற ரொட்டியெல்லாம் பிறந்த குழந்தை மாதிரி இருக்கு. இவ்ளோ இறுக்கிச் சுத்தாதீங்க, மூச்சு முட்டும்" என்று கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காவலருக்கு சக காவலர்கள் வைத்த பெயர் ஆமை. வேனிலிருந்து கோர்ட்டுப் படி வரைக்கும் மற்றவர்கள் கைதிகளை விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் ஆற அமர நடப்பார். செருப்பு வார் சரியில்லை என்பார், குனிந்து சரிசெய்வார். யாருக்கோ வணக்கம் வைப்பார். அந்த நேரத்துக்குள் கைதியின் வீட்டார் பக்கத்தில் வந்து இரண்டு வார்த்தை பேசிவிடுவார்கள். அது தற்செயல் இல்லை என்பது தாய்க்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு குழாயடி. அங்கேதான் காவலர்கள் சோற்றுப் பாத்திரம் கழுவுவார்கள். ஒருநாள் அவள் அங்கே போய் நின்றாள்.

"ஐயா, என் மகனுக்கு முகத்துல காயம் இருக்கா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"நான் பாத்தேன்மா. தாடி வளந்திருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"நீங்க போலீஸ்தானே ஐயா. அப்படித்தானே சொல்லுவீங்க."

பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இளங்காவலர் ஒருவர் சிரித்துவிட்டார். "அண்ணே, உங்களையே போலீஸ்னு ஒருத்தங்க சொல்லிட்டாங்க. வீட்ல போய்ச் சொல்லுங்க, சந்தோசப்படுவாங்க."

"அவ சந்தோசப்பட மாட்டா" என்றார் ஆமை. "உங்ககிட்டேர்ந்து கைதி தப்பிச்சு ஓட மாட்டான், இந்த மனுசனுக்கு மூச்சு வாங்குமேன்னு பாவப்பட்டு நின்னுடுவான்னு சொல்றவ அவ." பிறகு அவள் பக்கம் திரும்பிச் சொன்னார். "அந்தத் துணி அவன் நல்லதுக்குத்தான் தங்கச்சி. சாட்சி முன்கூட்டியே அவன் முகத்தைப் பாத்துட்டாருன்னா எல்லாம் வீணாப் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவர் சொன்ன தங்கச்சி என்ற சொல் அவள் மனசில் நின்றது. அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணன் ஆனார்.

பொறுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். வழக்கு நகர்ந்தால்தானே பொறுக்க? ஒரு வாய்தாவில் நீதிபதி லீவு. அடுத்த வாய்தாவில் சாட்சிக்கு வயிற்றுப்போக்கு. இன்னொன்றில் கைதியைக் கூட்டிவரக் காவலர்கள் இல்லை. எல்லோரையும் ஏதோ ஊர்வலப் பாதுகாப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை எல்லாம் சரியாக இருந்தது, வரிசையில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. கோர்ட்டு உதவியாளர் கடைத்தெருவில் போய், மகனைப் போல ஒல்லியாகத் தாடி வைத்திருந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கெஞ்சினார்.

"சும்மா வந்து நில்லுங்க சார். கொஞ்ச நேரம்தான்."

"நின்னா? அந்தாளு என்னைக் கையைக் காட்டிட்டா? கல்யாணம் நிச்சயமாகியிருக்கு சார் எனக்கு."

எல்லோரும் ஓடிவிட்டார்கள். வாய்தா. தாய் ஒவ்வொரு முறையும் பேக்கரியில் கெஞ்சி வந்தாள், துணியைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். அந்தத் திறப்பு வழியாக இரண்டு கண்கள் அவளைத் தேடுவது தெரியும். அவை அழுகின்றனவா, வீங்கியிருக்கின்றனவா என்பதுதான் தெரியாது. ஜெபத்தில்கூட அவளுக்கு மகன் முகம் வரவில்லை. கண்ணை மூடினால் கருப்புத் துணிதான் வந்து நின்றது. பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோகுமோ என்று ஒரு பயம் புதிதாகப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் ஒருநாள் எல்லாம் கூடிவந்தது. நீதிபதி வந்திருந்தார். சாட்சி வந்துவிட்டார் என்றார்கள். உதவியாளர் எப்படியோ ஆட்களைப் பிடித்துப் பின்கட்டு மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார். மண்டபத்துக்குப் போகிற தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. தாய் அதில் உட்கார்ந்தாள். அதே பெஞ்சின் மறு ஓரத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சுத்தமான சட்டை, நகத்தில் எண்ணெய்க் கறை. பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். "சாப்பிடுங்க ஐயா. காலையில எடுத்தது."

"வேண்டாம்மா… சரி, குடுங்க. பதட்டத்துல வீட்ல ஒண்ணும் எறங்கல." இரண்டு கடி கடித்தார். "யாருக்காக வந்தீங்க?"

"மகனுக்காக."

"ஆண்டவன் பாத்துக்குவான்" என்றார் அவர். தான் எதற்கு வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவரவர் கவலை அவரவருக்கு.

அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஆமை அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல் மெதுவாக. பக்கத்தில் வேறு காவலர் இல்லை. தாய் எழுந்து ஓடினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"அண்ணே, ஒரே ஒரு தடவை. இன்னிக்கு அந்தாளு கையைக் காட்டிட்டா இனிமே எப்ப பாப்பேனோ. அடிச்சிருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கிறேன். உங்களுக்கும் பிள்ளை இருக்குல்ல."

"தங்கச்சி, வேண்டாம்மா."

"அம்மா, விடும்மா" என்றது துணிக்குள்ளிருந்து குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அதிகாரி யாரும் இல்லை. பெஞ்சில் அவளோடு ரொட்டி பகிர்ந்துகொண்டிருந்த பெரியவரை அவர் அவளுடைய உறவுக்காரர் என்று நினைத்துக்கொண்டார். சாட்சிகளை முன்பக்க அறையில்தான் உட்கார வைப்பது வழக்கம். இந்தத் தாழ்வாரத்துக்கு அவர்கள் வருவதில்லை. அவர் துணியின் நுனியைப் பிடித்து, மெதுவாக மேலே தூக்கினார்.

கன்னம் ஒட்டியிருந்தது. தாடி. கண்ணுக்குக் கீழே கருப்பு. ஆனால் காயம் இல்லை, வீக்கம் இல்லை. அவள் மகனின் முகம்தான். அவள் எழுந்து உள்ளங்கையால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். "கடவுளே, உனக்கு நன்றி" என்றாள்.

"போதும்மா" என்று துணியைக் கீழே விட்டார் அவர்.

அதே நேரத்தில் மண்டபக் கதவு திறந்தது. உதவியாளர் தலையை நீட்டி, "கடிகார ரிப்பேர்க்காரர் யாருப்பா? முன்னாடி ரூம்ல உக்காரச் சொன்னா இங்க எதுக்கு வந்தீங்க? அணிவகுப்புச் சாட்சி, வாங்க உள்ள!" என்று கத்தினார்.

பெஞ்சிலிருந்த பெரியவர், கையில் பாதி ரொட்டியோடு எழுந்து நின்றார். "அந்த ரூம்ல காத்தே இல்லப்பா" என்றார். அவர் பார்வை மகனின் மேல்தான் இருந்தது.

தாய் மகனுக்கும் அந்தப் பெரியவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் ஆமையைப் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்று உதவியாளரிடம் சொன்னார். பிறகு அவளிடம் தாழ்ந்த குரலில், "நான் போய் நீதிபதி ஐயாகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"என்னன்னு?"

"நான் துணியைத் தூக்கினேன், சாட்சி பாத்துட்டாருன்னு."

"ஐயோ அண்ணே! உங்க வேலை?"

"வேலை பெருசில்லன்னு பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. பெருசுதான். வீட்ல அவளுக்குத் தெரிஞ்சா முதல்ல அவதான் என்னை உள்ள தள்ளுவா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆனா நெனச்சுப் பாரு. அந்த மனுசன் உள்ள போய் வரிசையைப் பாத்தா, எல்லாம் புது முகமா இருக்கும். பாத்த முகம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். கை தன்னால அந்தப் பக்கம் போயிடும். அவரு கெட்டவரு இல்ல. மனுசக் கண்ணு அப்படி."

அவள் வாய், சொல்லாதீர்கள் என்று சொல்ல வந்தது. அவள் மனசு, சொல்லுங்கள் என்று கெஞ்சியது. ஒருவர் சோற்றைப் பறித்துத் தன் பிள்ளையைக் காப்பாற்றுவதா என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. இன்னொரு காவலரைக் கூப்பிட்டு மகனை ஒப்படைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அன்று மட்டும் அவர் வேகமாக நடந்தார்.

கதவு மூடிக்கொண்டது. உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நீதிபதியின் குரல் மட்டும் உயர்ந்தது. "இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு இது தெரியாதா?" வக்கீல் பெண் உள்ளே ஓடினாள். கடிகாரக்காரரையும் கூப்பிட்டு, பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "பாத்தேன் ஐயா. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. தாய் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த ஜெபத்தையெல்லாம் சொன்னாள். எங்கே தொடங்கினாள் எங்கே முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அணிவகுப்பு நின்றுபோனது. கடைத்தெருவிலிருந்து வந்தவர்கள், தப்பித்தோம் என்று கலைந்தார்கள். ஆமை கொடுத்த வாக்குமூலம் வழக்கோடு சேர்ந்தது. அவரை அன்றே கைதிகளைக் கூட்டிவருகிற வழிக்காவல் வேலையிலிருந்து எடுத்தார்கள். விசாரணை, தண்டனை என்று போய், கடைசியில் எங்கோ கோடியில் இருக்கிற ஒரு சின்னக் காவல் நிலையத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். வரவேண்டிய பதவி உயர்வும் போயிற்று. வக்கீல் இதையெல்லாம் சொன்னபோது தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மகன் உள்ளேயேதான் இருந்தான். இப்போது முகத்துணி இல்லை. சிறையில் போய்ப் பார்க்கலாம். அவள் போய்ப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் அந்தத் தாழ்வாரத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. குற்றப்பத்திரிகை போட்டார்கள். வழக்கு விசாரணைக்கு வந்தது. கணக்கர் வந்து, பின்னாலிருந்து அடி விழுந்தது, வேறு தெரியாது என்றார். முதலாளி வந்து சண்டையைப் பற்றிச் சொன்னார். அப்புறம் கடிகாரக்காரர் கூண்டில் ஏறினார்.

"நீங்கள் அன்று சந்தில் பார்த்த ஆள் இந்த நீதிமன்றத்தில் இருக்கிறாரா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

தாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு காலமும் முட்டி தேய ஜெபம் செய்தாள்.

பெரியவர் மகனை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஐயா, சத்தியம் பண்ணிட்டு ஏறியிருக்கேன். அன்னிக்கு சந்துல ஒரு முகம் பாத்தேன். அப்புறம் கோர்ட்டுத் தாழ்வாரத்துல இந்தத் தம்பி முகத்தைப் பாத்தேன். இப்ப அந்த முகத்தை நெனச்சா இந்த முகம்தான் வருது. இவன்தான் அவன்னு சொல்ல என் மனசு ஒப்பல. இவன் இல்லன்னும் சொல்ல முடியல. எனக்குத் தெரியல ஐயா."

"அன்று குற்றம்சாட்டப்பட்டவரின் தாய் உங்களுக்கு ரொட்டி கொடுத்தாராமே?" என்று மடக்கினார் அரசு வக்கீல்.

"குடுத்தாங்க. பசிச்சுது, சாப்பிட்டேன். அவங்க யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது."

ஆமையையும் கூப்பிட்டிருந்தார்கள். எவ்வளவோ தூரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். துணியைத் தூக்கியது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினார்.

தீர்ப்பு நாளில் நீதிபதி வாசித்தார். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை; சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. தாய்க்கு விடுதலை என்ற சொல் மட்டும்தான் முதலில் காதில் விழுந்தது. வெளியே வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. வராந்தாவில் மருந்துக் கடை முதலாளி யாரிடமோ, "சந்தேகத்துலதான் விட்டாங்க, நிரபராதின்னு யாரு சொன்னா?" என்று சொல்லிக்கொண்டு போனார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

கோர்ட்டு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஆமை நின்றுகொண்டிருந்தார். சாதாரண சட்டை. தீர்ப்பு நாள் என்று தெரிந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மகன் அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் தடுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க பொழப்பைக் கெடுத்தது நான்தானே" என்றாள் தாய்.

"துணி என் கையில இருந்துச்சு தங்கச்சி. உன் கையில இல்ல."

"வீட்ல அண்ணி என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், அந்த ஊர்ல வாடகை கம்மின்னு சொன்னா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு தன்னைத் தின்றுகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள். "அன்னிக்கு நான் அழாம இருந்திருந்தா, அவரு 'இவன் இல்ல'ன்னு சொல்லியிருப்பாரு. இல்லயாண்ணே? என் பிள்ளை தலை நிமிந்து வந்திருப்பான்."

"சொல்லியிருக்கலாம். கையைக் காட்டியும் இருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. படைச்சவனுக்குத்தான் தெரியும். அதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாத."

அவருடைய பஸ் வந்தது. ஏறிப் படியில் நின்றுகொண்டு திரும்பினார். மகன் காதில் விழாதபடி குனிந்து, அவளிடம் சொன்னார்.

"இன்னிக்கு அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. நல்லாத் தூங்கட்டும், அங்க யாரும் சரியாத் தூங்கறதில்ல. அப்புறம் தங்கச்சி, கொஞ்ச நாளைக்கு அவன் படுக்கிற ரூம் கதவை மட்டும் சாத்தாத."